மனைவிக்குக் கர்ப்பகால நீரிழிவு: வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்களுக்கு இது முதல் குழந்தை. 27ஆவது வாரப் பரிசோதனையில் மனைவிக்குக் கர்ப்பகால நீரிழிவு என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, ஏதாவது கேட்டால் அழுகிறாள். என் அம்மா ஒன்று சொல்கிறார், அவளுடைய அம்மா வேறொன்று சொல்கிறார். நான் என்ன செய்தால் அவளுக்கு உதவியாக இருக்கும்?

பதில்:

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவியின் சர்க்கரைக்கு வீட்டில் யாரும் மேற்பார்வையாளர் ஆக வேண்டாம். அதைப் பார்த்துக்கொள்வதில் தினமும் எவ்வளவோ வேலை இருக்கிறது, அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் பெண்ணுக்கு வித்தியாசம் உடனே தெரியும். நீரிழிவு ஆலோசகராக இந்தப் பெண்களோடும் அவர்கள் வீட்டாரோடும் பேசிப் பழகியதை வைத்து எழுதுகிறேன். மருந்தின் அளவும் உணவுத் திட்டமும் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியவை, அதற்குள் நான் போகவில்லை.

அவர் ஏன் அழுகிறார் என்பதிலிருந்து தொடங்கலாம். குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடக் கனமாக இருப்பது, 'நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன், அதான் இப்படி ஆயிடுச்சு' என்ற நினைப்பு. அன்று அந்த இனிப்பைச் சாப்பிட்டேனே, முதல் மூன்று மாதம் படுத்தே கிடந்தேனே என்று பின்னோக்கிப் போய்த் தேடிக்கொண்டே இருப்பார்கள். இதை வெறும் ஆறுதலால் போக்க முடியாது. 'அதெல்லாம் ஒன்னும் இல்ல, விடு' என்றால், புரிந்துகொள்ளவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை இருவரும் சேர்ந்து தெரிந்துகொண்டால் அந்தக் குற்ற உணர்வு கொஞ்சம் தளரும்.

நடப்பது இதுதான். கர்ப்பத்தின் பாதிக்கு மேல் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைத் தாயின் உடலில் முழு வேகத்தில் வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. எல்லாக் கர்ப்பத்திலும் இது உண்டு. குழந்தைக்குச் சர்க்கரை தடையில்லாமல் போய்ச் சேர உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதை ஈடுகட்டத் தாயின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரக்க வேண்டும். நிறையப் பேரின் கணையம் சமாளித்துவிடுகிறது, சிலருடையது எட்டிப் பிடிக்க முடியாமல் பின்தங்குகிறது. 24 முதல் 28 வாரத்துக்குள் பரிசோதனை செய்யச் சொல்வதும், அந்த நேரத்தில்தான் இன்சுலினுக்கு எதிரான இந்தத் தடை வேகமாக ஏறத் தொடங்குகிறது என்பதால்தான். வயது, உடல் எடை, குடும்பத்தில் நீரிழிவு இருப்பது, முந்தைய கர்ப்பத்தில் வந்திருப்பது எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். இவற்றில் எதுவும் இல்லாத ஒல்லியான பெண்ணுக்கும் வரும். உலகில் உயிரோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய ஆறில் ஒன்று, தாய்க்கு ஏதோ ஒரு வகையில் சர்க்கரை கூடியிருந்த கர்ப்பத்தில் பிறக்கிறது என்று பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு கர்ப்பகால நீரிழிவுதான். ஒரு இனிப்புத் துண்டு இதைக் கொண்டுவருவதில்லை.

இதை உங்கள் இரண்டு அம்மாக்களுக்கும் சொல்லுங்கள். 'எங்க வீட்டுல யாருக்கும் சர்க்கரை கிடையாது' என்று ஒரு பக்கம் பேச்சு கிளம்பினால் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டியவர் நீங்கள். பரம்பரைக்கும் பங்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் 27ஆவது வாரத்தில் அது யார் பக்கத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து யாருக்கும் ஒரு பலனும் இல்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் அதைத் தன்மேல் விழுந்த பழியாகத்தான் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது மீட்டர், அதாவது விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை இங்கேதான் முளைக்கிறது. வழக்கமாக ஒரு நாளைக்கு நான்கு முறை பார்க்கச் சொல்வார்கள்: காலையில் வெறும் வயிற்றில், பிறகு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் பின். பொதுவான இலக்கு வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழே, அல்லது இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே. உங்கள் மருத்துவர் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு முறை விரலில் குத்திக்கொள்வது வலி என்று நினைப்பீர்கள். வலியைவிட, குத்திய பிறகு அந்த எண் வருவதற்கான சில விநாடிகள்தான் கொடுமை என்று சொல்லும் பெண்கள் உண்டு. அந்த எண்ணைப் பரீட்சை மதிப்பெண் மாதிரி வீட்டில் எல்லோரும் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் தெரியுமா? அவர் மறைக்கத் தொடங்குவார். மீட்டரின் நினைவகத்தில் 162 இருக்கும், நோட்டில் 132 என்று எழுதியிருக்கும். ஆலோசனை அறையில் இது அபூர்வமான காட்சி இல்லை. மருத்துவரை ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இருப்பதில்லை, மாலையில் வீட்டுக்கு வருபவர் நோட்டைப் புரட்டுவார் என்ற பயம்தான். பொய்யான எண்ணை நம்பி மருந்தை மாற்றாமல் விட்டால் நட்டம் குழந்தைக்கு.

அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் 'எவ்வளவு வந்துச்சு?' என்று கேட்காதீர்கள். 'இன்னைக்கு எப்படிப் போச்சு?' என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தோன்றினால் அவரே சொல்லட்டும். கூடுதலாக வந்திருந்தால் 'என்ன சாப்பிட்ட?' என்பது விசாரணை. 'சரி, குறிச்சு வச்சுக்குவோம், அடுத்த தடவை டாக்டர்கிட்ட காட்டுவோம்' என்பது போதும். ஒரே ஒரு எண்ணால் எதுவும் கெட்டுவிடாது. 2008இல் வெளியான ஹாபோ ஆய்வு, ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளின் சர்க்கரையைப் பதிவுசெய்து பார்த்தது. சர்க்கரை ஏற ஏறக் குழந்தை பெரிதாகப் பிறப்பது போன்ற சிக்கல்களின் வாய்ப்பும் படிப்படியாக ஏறியது. இந்தக் கோட்டைத் தாண்டினால் சட்டென்று ஆபத்து என்று சொல்லும்படி ஓர் எல்லை அதில் தென்படவில்லை. மருத்துவர்கள் ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறாமல், ஒரு வாரத்து எண்களின் போக்கைப் பார்ப்பது இதனால்தான். நீங்களும் அப்படியே பாருங்கள்.

காலை எண்ணைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருந்தும் காலையில் 102 வந்திருக்கும். 'ராத்திரி எதையோ எடுத்துச் சாப்பிட்டிருக்கா' என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைய நாள் முழுக்கப் போச்சு. உண்மையில் இரவில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை வெளியே விடுகிறது. விடியற்காலையில் உடல் சுரக்கும் ஹார்மோன்கள் அதை இன்னும் ஏற்றுகின்றன. உணவைக் கட்டுப்படுத்தி இறக்கக் கஷ்டமான எண் எது என்றால் இதுதான். பலருக்கு இன்சுலின் தொடங்குவதே இந்தக் காலை எண்ணுக்காகத்தான். தூக்கம் கெட்டாலும், மனம் பதறிக்கொண்டே இருந்தாலும் சர்க்கரை ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை வைத்து 'கவலைப்படாதே, கவலைப்பட்டால் சுகர் ஏறும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கவலைப்படுவதையும் ஒரு குற்றமாக்கி அவர் தலையில் ஏற்றுகிற வேலை அது.

சாப்பாட்டு விஷயம். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், இதை அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போடாமல் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். எண் ஏறிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே குறைக்கும் பெண்கள் நிறைய. மீட்டரில் நல்ல எண் வரும், வீட்டில் பாராட்டுவார்கள், அவர் இன்னும் குறைப்பார். மாவுச்சத்தை அளவுக்கு மீறி வெட்டினால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற பொருளை உண்டாக்கும். கர்ப்பத்தில் அது விரும்பத்தக்கது அல்ல, குழந்தையின் வளர்ச்சிக்கும் போதாமல் போகும். மாவுச்சத்தை நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிடுவதுதான் இங்கே திட்டம். பட்டினிக்கு இதில் இடமே இல்லை.

இன்னொரு பக்கம், ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடணும் என்று தட்டை நிரப்புகிற பெரியவர்களும் இருப்பார்கள். அவர்களும் அன்பால்தான் சொல்கிறார்கள், அவர்களோடு வாக்குவாதம் செய்து பயனில்லை. ஆலோசனைக்குப் போகும்போது இரண்டு அம்மாக்களில் சமைக்கிறவரைக் கூடவே அழைத்துப் போங்கள். மருமகள் சொன்னாலோ மகள் சொன்னாலோ காதில் விழாதது, உணவு ஆலோசகர் சொன்னால் விழும். அவர்களுடைய சந்தேகத்தையும் அங்கேயே கேட்கலாம். அதன் பிறகு வீட்டில் ஒரே விதி: ஆலோசகர் கொடுத்த திட்டம்தான் நடக்கும், மற்ற அறிவுரை யாரிடமிருந்து வந்தாலும் அது முதலில் உங்களிடம் வரட்டும், உங்கள் மனைவியிடம் நேரே போக வேண்டாம். தெரிந்தவர், உறவினர், போனில் வருகிற வீடியோ எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இந்த ஒரு வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டாலே வீட்டில் பாதிச் சத்தம் அடங்கும்.

முடிந்தவரை எல்லோரும் அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். அவருக்கு மட்டும் தனிப் பாத்திரம், மற்றவர்களுக்கு வேறு என்று ஆனால், அவர் மேசையில் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். அந்தத் தனிச் சமையலையும் அனேகமாக அவரேதான் செய்துகொண்டிருப்பார். அவருக்குச் சொல்லும் உணவு எந்தப் பெரியவரின் உடம்புக்கும் நல்லதுதான், வீட்டில் யாருக்கும் நட்டம் இல்லை. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் எண் நன்றாகவே இறங்கும். மருத்துவர் நடக்கக் கூடாது என்று சொல்லாதவரை நீங்களும் கூட நடங்கள். 'போய் நட' என்று அனுப்புவதும் 'வா, நடக்கலாம்' என்று செருப்பைப் போடுவதும் ஒன்றல்ல.

வேலைப் பங்கீட்டில் நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை ஏராளம்: மீட்டரில் செருகும் பரிசோதனைப் பட்டை தீர்வதற்கு முன் வாங்கி வைப்பது, சந்திப்புத் தேதிகளை நினைவில் வைப்பது, அந்த நாட்களில் வேலையிலிருந்து நேரம் ஒதுக்கிக் கூடப் போவது, மருத்துவரிடம் கேட்க வேண்டியதை எழுதி வைப்பது. கூடவே ஒரு விஷயம், எதை எடுத்துக்கொள்ளலாம் என்று அவரிடமே கேளுங்கள். சிலருக்கு மீட்டரைத் தாங்களே கையாளப் பிடிக்கும், சமையல்தான் சுமையாக இருக்கும். சிலருக்கு நேர்மாறு.

இப்போது இன்சுலின். உணவும் நடையும் மட்டுமே பெரும்பாலான பெண்களுக்குப் போதுமானதாக இருக்கும். மற்றவர்களுக்கு மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படும். அந்த நாளில்தான் மனம் மிகவும் உடைகிறது, அதனால் முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். 'ஊசி வரைக்கும் வந்துடுச்சா?' என்று வீட்டில் யாராவது கேட்டால், இதுவரை அவர் செய்த முயற்சி முழுக்கத் தோற்றுவிட்டதாக அதற்கு அர்த்தம் ஆகிவிடும். அவருடைய ஒழுங்குக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் வாரத்துக்கு வாரம் ஏறுகின்றன, இன்சுலின் தேவையும் கூடவே ஏறுகிறது. கடைசி மூன்று மாதத்தில் அளவைத் திரும்பத் திரும்பக் கூட்டுவது வழக்கமான ஒன்றுதான். 'இது குழந்தைக்குப் போகுமா?' என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. தாயின் ரத்தத்தில் கூடியிருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகிறது, இன்சுலின் அப்படித் தாண்டிப் போவதில்லை. கர்ப்பத்தில் அதை முதன்மையான மருந்தாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வயிற்றில் போடச் சொன்னாலும் பயப்பட வேண்டாம். இப்போது 4 மி.மீ. நீளமே உள்ள பேனா ஊசிகள் கிடைக்கின்றன, அவை தோலுக்குக் கீழே உள்ள கொழுப்போடு நின்றுவிடும்.

போடக் கற்றுக்கொடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள். முக்கியமாக, சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, படபடப்பு, குழப்பம் எல்லாம் வரலாம். சிலருக்குக் காரணமே இல்லாமல் எரிச்சல் வரும், அதைக் கோபம் என்று நினைத்து நீங்களும் பதிலுக்குக் கத்திவிடக் கூடாது, முதலில் மீட்டரை எடுங்கள். வேகமாக ஏறக்கூடிய சர்க்கரை 15 கிராம் கொடுக்க வேண்டும். மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தால் அந்த அளவு வரும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

சரி, மனநிலைக்கு வருகிறேன். செய்தி வந்த முதல் ஒன்றிரண்டு வாரம் அழுகை, கோபம், தூக்கம் வராமை எல்லாம் இருக்கத்தான் செய்யும். பெரும்பாலும் எண்கள் கொஞ்சம் சீராகி, 'என்னால சமாளிக்க முடியும்' என்று ஒரு நம்பிக்கை வந்ததும் தணிந்துவிடும். அந்த நாட்களில் அவருக்குத் தேவை கேட்கிற காது. 'உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?' என்று கேட்டுவிட்டு, தீர்வு சொல்லாமல் இருங்கள். இது ஆண்களுக்குக் கொஞ்சம் சிரமம், தெரிந்துதான் சொல்கிறேன். 'எத்தனையோ பேருக்கு இருக்கு', 'குழந்தைக்காகவாவது சாப்பிடு' என்பதெல்லாம் நல்லெண்ணத்தில் வரும் வாக்கியங்கள். முதலாவது அவர் கஷ்டத்தைச் சின்னதாக்குகிறது, இரண்டாவது அவர் குழந்தையை நினைக்கவே இல்லை என்று சொல்லாமல் சொல்கிறது.

எப்போது கவலைப்பட வேண்டும்? சோகமோ எதிலும் பிடிப்பில்லாமையோ இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் நீடித்தால். நேரம் கிடைத்தும் தூக்கம் வராவிட்டால். சொன்னதைவிடப் பலமுறை விரலைக் குத்திக்கொண்டே இருந்தால், அல்லது மீட்டரைத் தொடவே மறுத்தால். குழந்தையைப் பற்றிய பேச்சையே தவிர்த்தால். நான் இல்லாமல் போனால் நல்லது என்கிற மாதிரி ஒரு சொல் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், தனியே விடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், பிரசவமானவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, எடின்பரோ அளவுகோல் என்று 1987இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் ஒன்று உண்டு. சில நிமிடத்தில் நிரப்பிவிடலாம், கர்ப்பத்திலும் பயன்படுத்துகிறார்கள். மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள். சர்க்கரைக்கு நான்கு வேளை பரிசோதனை செய்கிறவர்கள் மனதுக்கு ஒரு முறைகூடச் செய்யாமல் விடுவது எனக்கு என்றுமே புரியாத விஷயம். மனநல மருந்து ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், கர்ப்பம் என்பதற்காகத் தானாக நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் மனைவியிடம் நம்பிக்கையாகச் சொல்ல ஒரு ஆய்வு இருக்கிறது. 2005இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டது, ஆயிரம் பெண்கள் பங்கெடுத்தது. கர்ப்பகால நீரிழிவுக்கு உணவு ஆலோசனை, சர்க்கரைப் பரிசோதனை, தேவைப்பட்டால் இன்சுலின் என்று சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளுக்குக் கடுமையான சிக்கல்கள் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தன. பிரசவமாகி மூன்று மாதத்தில் மனநிலையைக் கேட்டறிந்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி இருந்தது, சிகிச்சை பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்கு. இத்தனை குத்தலும் கட்டுப்பாடும் மனதை இன்னும் கெடுக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது வேறு.

உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. உங்களுக்கும் பயம் இருக்கும், அதை அவரிடம் மறைத்து வீரமாக நடிக்க வேண்டியதில்லை. 'எனக்கும் பயமாத்தான் இருக்கு' என்று ஒரு முறை சொன்னால் அவர் தனியாக இல்லை என்று தெரிந்துகொள்வார். ஆனால் அவரே உங்களைத் தேற்றும் நிலைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். அதற்கு ஒரு நண்பரையோ உடன்பிறந்தவரையோ வைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் வெளியூரில் இருக்கலாம், அல்லது குடும்பமே குற்றம் சொல்கிற குடும்பமாக இருக்கலாம். அப்படி இருக்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், ஒரே ஒருவர் போதும்: அக்காவோ, தோழியோ, மருத்துவமனைச் செவிலியரோ. எண்ணை ஒளிக்காமல் சொல்லக்கூடிய ஒருவர்.

கடைசியாகப் பிரசவத்துக்குப் பின். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு நாளாவது சர்க்கரை பார்ப்பார்கள். அப்போது பாட்டிமார்கள் 'குழந்தைக்கும் சர்க்கரை வியாதியா?' என்று கலங்குவார்கள், முன்பே சொல்லி வையுங்கள். தாயிடமிருந்து கூடுதல் சர்க்கரை வந்துகொண்டிருந்ததால் குழந்தையின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரக்கப் பழகியிருக்கும். தொப்புள்கொடி வெட்டியதும் அந்த வரத்து நின்றுவிடுவதால் சர்க்கரை தாழலாம், அதைத்தான் பார்க்கிறார்கள். சீக்கிரம் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குவது இதற்கும் உதவும், தாயின் எதிர்காலத்துக்கும் நல்லது.

பெரும்பாலோருக்கு நஞ்சுக்கொடி வெளியேறியதும் சர்க்கரை இறங்கிவிடும். வீட்டில் எல்லோரும் குழந்தையின் பக்கம் திரும்பிவிடுவார்கள், மீட்டர் அலமாரிக்குள் போய்விடும். அதோடு ஒரு முக்கியமான பரிசோதனையும் மறந்துபோகும். பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும், சரியாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல், அடுத்த கர்ப்பத்திலும் இது திரும்பலாம். அந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். கைக்குழந்தையோடு அவரால் தனியாக முடியாது. தேதியை இப்போதே உங்கள் போனில் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு விடுப்பு எடுத்துக் குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.